பூனைத் தெள்ளுக்கு வீட்டுப் பொருள்கள்: மூன்று மாதம் பயன்படுத்தினால் எது தேறும், எது தேறாது

முதலில், இருப்பது தெள்ளுதானா என்று பாருங்கள். பூனையின் வாலடி முடியைப் பிரித்தால் மிளகுத்தூள் மாதிரி கறுப்பாக ஏதாவது தெரியும். அதை ஈரமான வெள்ளைத் துணியில் உதிர்த்து ஒரு நிமிடம் விடுங்கள். சுற்றிலும் செம்பழுப்புச் சாயம் இறங்கினால் அது தெள்ளின் எச்சம், அதாவது பூனையின் ரத்தம். இறங்காவிட்டால் வெறும் அழுக்கு.

வீட்டுப் பொருள்களில் முதலிடம் பேன் சீப்புக்கும் சோப்புத் தண்ணீருக்கும்தான். சீப்பு உலோகமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் பற்கள் விரிந்து கொடுக்கும், தெள்ளு நழுவிவிடும். 250 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கழுத்து, தாடைக்குக் கீழ், காதுக்குப் பின்னால், வாலடி, தொடையிடுக்கு என்ற வரிசையில் சீப்பைத் தோலை ஒட்டி மெதுவாக இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்குங்கள். வெறும் தண்ணீர் என்றால் தெள்ளு மேலேயே மிதந்து, துள்ளித் தப்பிவிடும். சோப்பு நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் கல் மாதிரி அடியில் போய் உட்காரும். பத்து நிமிடம் கழித்துக் கொட்டுங்கள்.

முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். பூனை பத்து நிமிடம் உட்காராது. மூன்று நிமிடமாக இரண்டு மூன்று தடவை சீவினாலும் பலன் அதேதான்.

குளிப்பாட்டுவதை இதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம். அன்றைக்கு உடம்பில் இருப்பது சாகும், மறுநாள் ஏறுவதைத் தடுக்காது. அடிக்கடி செய்தால் தோல் வறண்டு சொறிச்சல் கூடும், குட்டிகளுக்குக் குளிர் பிடிக்கும்.

பூனையை மட்டும் கவனித்துவிட்டு வீட்டை விடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு. கண்ணுக்குத் தெரியும் வளர்ந்த தெள்ளுகள் மொத்தத்தில் சுமார் 5 சதவீதம்தான். மீதியெல்லாம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகத் தரைவிரிப்பிலும் மெத்தை இடுக்கிலும் கிடக்கும். ஒரு பெண் தெள்ளு நாளுக்கு 40 முட்டை வரை இடும்; அவை முடியில் ஒட்டாமல் பூனை படுத்த இடத்திலெல்லாம் உதிரும். ஆகவே வேக்குவம் கிளீனர் தினமும் ஓட வேண்டும்: சோபா மெத்தைக்கு அடியில், சுவரோரம், பூனை தூங்கும் மூலையில். சேர்ந்த தூசியைப் பையில் இறுகக் கட்டி உடனே வெளியே போடுங்கள். பூனையின் விரிப்பை உட்புறமாகச் சுருட்டி எடுத்து, வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். உதறினால் முட்டைகளை நீங்களே வீடெங்கும் விதைத்த மாதிரி.

மூன்றாம் வாரம் பலர் கைவிடுவார்கள். குறைந்திருந்த தெள்ளு திடீரென்று கூடும். செய்தது வீண் என்று அர்த்தமில்லை. கூட்டுப்புழுவின் உறை பசைபோல் தூசியை ஒட்டிக்கொண்டு இறுகியிருக்கும். பூச்சிமருந்தே உள்ளே இறங்கச் சிரமப்படும். அதிர்வும் சூடும் பட்டால் உள்ளிருப்பது வெளியே வரும், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்கும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் காலில் ஏறுவது இவைதான். வேக்குவம் ஓட ஓட இவை வெளிவருவது நமக்கு நல்லதே, அன்றன்றைக்கே பிடித்துவிடலாம்.

தரையில் தட்டு வைத்து, ஒரு சென்டிமீட்டர் சோப்புத் தண்ணீர் ஊற்றி, மேலே சிறிய மின்விளக்கை எரியவிடும் பொறி, கணக்குப் பார்க்கத்தான் உதவும். இந்த வாரம் எத்தனை விழுந்தது, போன வாரம் எத்தனை என்று தெரியும், அவ்வளவே. மெழுகுவர்த்தி வேண்டாம், வால் தீய்ந்துவிடும்.

உப்பு, சமையல் சோடா இரண்டுக்கும் குறைந்த மதிப்பெண்தான். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் தெள்ளுப் புழு காய்ந்து சாகும் என்பது உண்மை. ஆனால் ஈரக்காற்றில் உப்பே நீர் கோத்துக்கொள்ளும், அப்புறம் எதைக் காயவைப்பது? பொடி வேக்குவம் வடிகட்டியையும் அடைக்கும். பாதத்தில் ஒட்டியதைப் பூனை நக்கினால் உடம்புக்குக் கேடு. வினிகர் தெள்ளைக் கொல்லாது. வீடுதான் நாறும்.

கிட்டவே கொண்டுவரக் கூடாதவை: எலுமிச்சை எண்ணெய், எலுமிச்சைத் தோல் வேகவைத்த நீர், தேயிலை மர எண்ணெய், பூண்டு, அந்துருண்டை, மண்ணெண்ணெய். நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டுமருந்து பூனைக்கு உயிராபத்து. அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு.

வெளியே போகாத ஒற்றைப் பூனை, லேசான தொல்லை என்றால் இவ்வளவு போதும். பூனைகள் பல இருந்தாலோ, முடி திட்டுத் திட்டாக உதிர்ந்தாலோ, குட்டியின் ஈறு வெளுத்தாலோ சீப்போடு நிற்காமல் கால்நடை மருத்துவரிடம் மருந்து கேளுங்கள். ஆசனவாயைச் சுற்றி அரிசிமணி மாதிரி துண்டுகள் தெரிந்தால் அது நாடாப்புழு. நக்கும்போது தெள்ளை விழுங்கியதால் வருவது, அதற்குத் தனி மருந்து.

சீப்பில் ஒன்றும் வராத நான்கு வாரம் தொடர்ந்து கடந்த பிறகே தினசரி வேக்குவத்தை வாரம் இரண்டாகக் குறைக்கலாம். இடையில் ஒரே ஒரு தெள்ளு வந்தாலும் கணக்கை முதலிலிருந்து எண்ணுங்கள்.