மாவலியா, கந்தளாய்க் குளமா? கயாக்கை எங்கே இறக்குவது

உப்புவெளியில் ஒரு விடுதி கழித்துவிட்ட, இருவர் இருந்து துடுப்புப் போடும் கயாக் (ஒடுங்கிய சிறு படகு) ஒன்றை நானும் நண்பனும் பங்குபோட்டு வாங்கினோம். திருகோணமலையில் இருந்துகொண்டு கடலை விட்டு ஏன் ஆறு, குளம் என்று அலைகிறாய் என்று கேட்காதவர் இல்லை. வாடை, அதாவது வடகிழக்குக் காற்று வீசும் காலத்தில் நிலாவெளிக் கடல் நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை. மே முதல் ஓகஸ்ட் வரை கடல் தட்டாகக் கிடக்கும், உண்மைதான். ஆனால் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்குள் தள்ளும். துடுப்பை நிறுத்தினால் பர்மாப் பக்கம் போகலாம். ஆகவே ஒன்று மூதூர்ப் பக்கம் மாவலி கங்கையின் கடைப்பகுதி, இல்லாவிட்டால் கந்தளாய்க் குளம்.

தூரம் பெரிய வித்தியாசமில்லை. அழகு என்று பார்த்தால் கங்கைக்குத்தான் என் வாக்கு: மருத மரங்கள், மீன்கொத்திகள், கொட்டியாரக் குடாவை நெருங்கும்போது மாறுகிற காற்றின் வாசம். முதலை இரண்டிலும் உண்டு. மழை வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் பயமும் இரண்டுக்கும் பொது. காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கடைசியில் என்னைக் குளத்தின் பக்கம் சாய்த்தது ஒரே விஷயம்: இறங்குமுன் கரையில் நின்று பார்த்து, இன்றைய தண்ணீர் எப்படி என்று சொல்ல முடிகிறதா?

கங்கையில் முடியாது. ஒரு தைப்பொங்கல் விடுமுறை. மூன்று நாளாக நல்ல வெயில். மூதூர் மச்சான் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கரைக்குப் போனோம். எதற்கும் இருக்கட்டும் என்று நீர் விளிம்பில் ஒரு பூவரசங் கம்பைக் குத்திவைத்தேன். கயிறு, உயிர்காப்பு அங்கி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் எடுத்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கம்பு நாலு விரல் தண்ணீருக்குள் நிற்கிறது. நிறமும் பால் தேத்தண்ணி போல மாறியிருந்தது. ஆற்றுவாழைக் கூட்டங்கள் சும்மா மிதக்கவில்லை, ஓடின. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, மேல எங்கயோ பேஞ்சிருக்கு. இண்டைக்கு வேணாம்" என்றார். கயாக்கைத் திரும்பவும் லொறியில் ஏற்றினோம்.

அந்த 'மேல எங்கயோ'தான் சிக்கல். 335 கிலோமீற்றர் ஓடி வருகிற ஆறு அது. நம் தலைக்கு மேல் வெயில் எரிந்தாலும், மத்திய மலைநாட்டில் பெய்ததும், அம்பன் கங்கை கொண்டுவந்து சேர்த்ததும், விக்டோரியா, ரந்தெனிகல போன்ற நீர்த்தேக்கங்கள் திறந்துவிட்டதும் சேர்ந்துதான் இங்கே வருகிறது. போனில் மூதூருக்கு மழை இல்லை என்று காட்டுவதால் ஒரு பயனும் இல்லை. கங்கைக்குப் போவதென்றால் முதல் நாளே நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும், ஆற்றின் மேற்பக்கம் பொலன்னறுவை மாவட்டத்தில் இருக்கும் மன்னம்பிட்டியின் நீர்மட்டத்தைப் பாருங்கள். அங்கே ஏறிக்கொண்டிருந்தால் இங்கே கூடாரத்தைச் சுருட்டுங்கள்.

ஓட்டத்தின் வேகத்தைக் கரையிலேயே அளக்கலாம். பத்து மீற்றரைக் காலடியால் அளந்து, ஒரு தேங்காய்ப் பொச்சுமட்டையை எறிந்து எண்ணுங்கள். பத்து விநாடியில் கடந்தால் மணிக்கு 3.6 கிலோமீற்றர். எங்கள் தோளுக்கு ஓடாத தண்ணீரில் துடுப்புப் போட்டாலே மணிக்கு நாலு, நாலரைதான் வரும். மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஆழத்தை மட்டும் அப்படி அளக்க முடியாது. மணல் அள்ளிய குழிகள் ஒவ்வொரு மாரிக்கும் இடம் மாறும். போன வருடம் முழங்கால் தண்ணீராக இருந்த இடம் இந்த வருடம் ஆளை விழுங்கும்.

குளம் அப்படியில்லை. நீர்மட்டம் நாள்கணக்கில்தான் மாறும். துருசுக்கு (தண்ணீர் திறந்துவிடும் மதகுக்கு) பக்கத்தில் இருக்கும் அளவுகோலைப் பார்த்து, போன வாரத்தோடு ஒப்பிட்டால் போதும். உடனே மாறக்கூடியது காற்று ஒன்றுதான். அதைக் குளக்கட்டில் நின்றே பார்க்கலாம்.

கச்சான் காலத்தில் விடியற்காலை குளம் கண்ணாடி. வெயில் ஏற ஏற காற்றும் ஏறும். நான் வைத்திருக்கும் விதி: போனில் காற்று மணிக்கு 15 கிலோமீற்றரைத் தாண்டினால், அல்லது அலைகளின் தலை ஆங்காங்கே வெளுக்கத் தொடங்கினால், திரும்பிவிட வேண்டும். இங்கே ஒரு வசதியும் உண்டு. கச்சான் பெரும்பாலும் குளத்துக்குள்ளிருந்து கட்டை நோக்கி அடிக்கிறது. போகும்போது எதிர்க்காற்று, களைத்துத் திரும்பும்போது அதுவே தள்ளிக்கொண்டு வந்து விடும். வாடையில் கதை தலைகீழ்: போவது சுகம், வருவது சீவன் போகும். டிசம்பரில் அதனால் கரையை ஒட்டி மட்டும்தான்.

குளத்தின் கள்ளம் மரக்குற்றிகளில் இருக்கிறது. குளம் நிறைந்திருந்தால் அவை ஆழத்தில். சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் விட்டு நன்றாக வற்றினால் வெளியே தெரியும். இடைப்பட்ட ஜூன், ஜூலையில்தான் ஒரு சாண் தண்ணீருக்குக் கீழே ஒளிந்து நிற்கும். எங்கள் கயாக்கின் வயிற்றில் இருக்கும் நீளக் கீறல் ஒரு ஜூலைக் காலையின் அடையாளம். தண்ணீரின் மேல் காரணமில்லாமல் சின்னச் சுழிப்போ, நீர்க்காகம் 'தண்ணீரில் நிற்பது' போலவோ தெரிந்தால் விலகிப் போங்கள்.

கயாக்கில் துருசுப் பக்கம் போகவே வேண்டாம். மேலே சலனமே இருக்காது, கீழே இழுக்கும். நெல்லுக்குத் தண்ணீர் போகும் காலமென்றால் நூறு மீற்றராவது தள்ளி நில்லுங்கள். இறங்க அனுமதி உண்டா என்றும் முதலில் நீர்ப்பாசன அலுவலகத்தில் கேளுங்கள். திருகோணமலை நகரத்துக்குக் குடிநீர் கொடுக்கிற குளம் அது. குளம் நிரம்பி வான் பாயும் நாட்களில் நான் குளக்கட்டில் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி. அதைப்பற்றி உபதேசம் செய்ய எனக்குத் தகுதியில்லை. 1986 ஏப்ரல் 20 அதிகாலை இதே கட்டு உடைந்து வயலும் வீடும் மனிதரும் அடித்துச் செல்லப்பட்டதை நினைவில் வைத்திருப்பவர்கள் கந்தளாயில் இன்னும் இருக்கிறார்கள். குளத்தை நான் பச்சைப்பிள்ளை என்று சொல்லவில்லை.

எங்கே இறங்கினாலும் அங்கியைக் கட்டித்தான் இறங்க வேண்டும், மடியில் வைத்துக்கொண்டல்ல. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்துபோனது அகன்ற கடலில் அல்ல.

கங்கையை முழுதாக விட்டுவிடவில்லை. ஓகஸ்ட், செப்டெம்பரில், மன்னம்பிட்டியில் மட்டம் இறங்கியிருக்கும் வாரங்களில், பறவை பார்ப்பதற்காக ஒன்றிரண்டு காலைகள் போவோம். மற்றபடி கயாக் கந்தளாயில் அத்தை வீட்டு மாட்டுக் கொட்டிலில் கிடக்கிறது. மூதூர் மச்சானுக்கு அதில் இன்னும் கோபம்.