நீல மாளிகையா, வளவு வீடா?

மரபுடைமை ஹோட்டல் ஒன்றில் சில நாள்கள் தங்கிவருவதென்று எங்கள் வீட்டில் முடிவானபோது, பட்டியலில் இறுதிவரை நின்றவை இரண்டு: பினாங்கின் ஜார்ஜ் டவுனில் லீத் தெருவிலுள்ள சியோங் ஃபாட் ஸி மாளிகை, மற்றது செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஹோட்டலாக மாற்றப்பட்ட நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடு. வெவ்வேறு ஆண்டுகளில் இரண்டிலும் தங்கிப் பார்த்தபின் இதை எழுதுகிறேன்.

விலகிய இரண்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் காலிக் கோட்டை 1988 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது; மதிலின்மேல் மாலையில் நடப்பதற்காகவே போகலாம். ஆனால் கொழும்பில் இறங்கியபின் தொடரும் சாலைப் பயணம் முதியோருக்குக் கூடுதல் அலுப்பு. பினாங்கின் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஹோட்டல் 1885இல் சார்க்கீஸ் சகோதரர்கள் தொடங்கியது. இரண்டாண்டு கழித்து அவர்களே இங்கே சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் ஹோட்டலைத் தொடங்கினார்கள். கடலோரத்தில் எல்லா வசதிகளோடும் அமைந்த இடம்தான் என்றாலும், சிங்கப்பூர்க்காரருக்கு அது பக்கத்து ஊருக்குப் போய்ச் சொந்தப் பெரியப்பா வீட்டில் தங்குவது போன்றது.

எஞ்சிய இரண்டு வீடுகளும் கடல்கடந்து ஈட்டிய பணத்தில் எழுந்தவை. சீனாவிலிருந்து வந்து டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளிலும் பினாங்கிலும் வணிகம் செய்து பெருஞ்செல்வரான சியோங் ஃபாட் ஸி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், தாம் தொழில் நடத்திய ஊரிலேயே மாளிகையைக் கட்டினார். நகரத்தாரோ பர்மாவிலும் மலாயாவிலும் சிங்கப்பூரில் நம் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளிலும் (தொழிலும் தங்கலும் ஒன்றாய் நடந்த கூடங்கள்) பாயில் அமர்ந்து கணக்கெழுதிவிட்டு, பணத்தையும் பர்மாத் தேக்கையும் ஊருக்கு அனுப்பி, தாங்கள் சில மாதங்களே தங்கப்போகும் வீடுகளை அரண்மனைகளாக எழுப்பினார்கள். லீத் தெரு மாளிகையில் சீனச் சிற்பிகளின் பீங்கான் சில்லு வேலைப்பாடும் ஸ்காட்லாந்து வார்ப்பிரும்பும் சேர்ந்திருப்பதைப் போலவே, செட்டிநாட்டில் இத்தாலியச் சலவைக்கல்லும் உள்ளூர் ஆத்தங்குடிக் கல்லும் ஒரே வீட்டில் இருக்கின்றன.

கட்டட நுட்பத்தில் இரண்டுக்கும் பொதுவானது சுண்ணாம்பு. மாளிகையின் புகழ்பெற்ற நீலம், சுண்ணாம்பில் அவுரிச் சாயத்தைக் கலந்து பூசியதால் வந்தது. செங்கற்சுவர் உறிஞ்சிய ஈரத்தை வெளியே விடுவதால், நம் பக்கத்துப் புழுக்கத்திற்கு அந்தப் பூச்சே பொருத்தமானது. செட்டிநாட்டுச் சுவரில் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சேர்த்துத் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். பிற்பகலில் கை வைத்தால் சில்லென்றிருக்கும். தரையைப் பொறுத்தவரை என் வாக்கு ஆத்தங்குடிக்கே. கண்ணாடித் தகட்டின்மேல் சாயக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் சேர்த்து, நீரில் ஊறவைத்து எடுக்கும் அந்தக் கற்கள் வெறுங்காலால் நடக்க நடக்கப் பளபளப்பேறுகின்றன.

இரு வீடுகளும் ஹோட்டலான கதையில்தான் பெரிய வேறுபாடு இருக்கிறது. தம் கடைசி மகன் உயிரோடிருக்கும்வரை மாளிகையை விற்கக்கூடாது என்று சியோங் ஃபாட் ஸி உயில் எழுதியிருந்தார். அந்த மகன் 1989இல் மறைந்தபின், மரபுடைமை ஆர்வலர்கள் சிலர் அதை வாங்கிச் சீரமைத்தார்கள்; அந்தப் பணிக்கு 2000இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. செட்டிநாட்டில் திருமணமான ஒவ்வொரு மகனும் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு. வளவை, அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதியைச் சுற்றி அவரவர்க்கு அறையும் உரிமையும் உண்டு. மூன்று தலைமுறை கழிந்தால் ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பலராகிவிடுவார்கள். எல்லாரும் ஒப்பாமல் கூரை ஓடுகளைக்கூட மாற்ற முடியாது. ஒப்பாதபோது வீடு பூட்டிக் கிடக்கிறது, அல்லது பிரிக்கப்பட்டு அதன் தூண்கள் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்துசேர்கின்றன. ஹோட்டலாகத் தப்பியவை மிகச் சிலவே. கானாடுகாத்தானில் 1930களில் ஒரு தந்தை தம் மகளுக்காகக் கட்டிய ‘விசாலம்’ அவற்றுள் ஒன்று.

அதனால் வாசலைத் தாண்டினால் காணும் காட்சியும் வேறாகிறது. லீத் தெருவிலிருந்து நடந்தே குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலுக்கும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கும் போகலாம். வழியெல்லாம் கடைகள், சாப்பாடு, சத்தம். கானாடுகாத்தானில் மாலை ஆறு மணிக்கு நடந்தால் தெரு நெடுக மூடிய கதவுகள்தாம். கல்யாணமோ படைப்போ (முன்னோர் வழிபாடு) இருந்தால்தான் விளக்கெரியும். என் மகனுக்கு இரண்டாம் நாளே சலித்துவிட்டது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் தங்கிய வீட்டில் வெந்நீர் வரவும் பொறுமை வேண்டியிருந்தது.

ஆயினும் சாப்பாட்டு வேளையில் தராசு மறுபக்கம் சாய்ந்தது. பினாங்கில் நாசி கண்டாருக்கும் செண்டோலுக்கும் வெளியே போவதே சரி. செட்டிநாட்டிலோ வீட்டுக்குள்ளேயே இலை போட்டு, வெள்ளைப் பணியாரம் முதல் கவுனி அரிசி வரை பரிமாறுகிறார்கள். என் அம்மா உப்புக்கறியின் பக்குவத்தைக் கேட்கப்போய், சமையற்கார அம்மா “உங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊர்?” என்று திருப்பிக் கேட்க, பேச்சு ஒரு மணி நேரம் நீண்டது. லீத் தெருவில் வழிகாட்டி நன்றாகவே விளக்கினார், ஆங்கிலத்தில். கேட்டுக்கொண்டு நடந்தோம், அவ்வளவுதான். மொழி தெரிந்த விருந்தினருக்குச் செட்டிநாட்டு வீடு கூடுதலாகத் திறக்கிறது என்பதே என் தீர்ப்பை முடிவு செய்த காரணம்.

நாட்காட்டியும் பார்க்க வேண்டும். ஜூன் பள்ளி விடுமுறையில் செட்டிநாட்டு வெயில் பிள்ளைகளை வாட்டிவிடும்; அப்போது ஒன்றரை மணி நேர விமானப் பயணத்தில், சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு விசாவும் தேவைப்படாத பினாங்குதான் சரி. டிசம்பர் என்றால், முன்கூட்டியே இந்திய மின்விசாவுக்கு விண்ணப்பித்து, ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் திருச்சியில் இறங்கி, காரில் இரண்டு மணி நேரத்துக்குள் கானாடுகாத்தான் சேர்ந்துவிடலாம். இரண்டு இடத்திலும் படிகளும் உயரமான நிலைப்படிகளும் உண்டு; பாட்டியோ தாத்தாவோ உடன் வந்தால், முன்பதிவின்போதே கீழ்த்தள அறை வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். வரும் டிசம்பருக்கு நாங்கள் கானாடுகாத்தானில் மூன்று இரவுகள் பதிவு செய்திருக்கிறோம். மகனுக்காக அவற்றுள் ஒரு பகலைத் திருமயம் கோட்டைக்கு ஒதுக்கியாயிற்று.