மாண்டரினா, ஃபயர்ஃபிஷ்ஷா, மரைன் பெட்டாவா: கூச்ச மீன்களில் எதை வாங்கலாம்?

கடல்நீர்த் தொட்டி வைத்து க்ளவுன் மீனோடு கொஞ்ச காலம் பழகியவர்களுக்கு அடுத்துக் கண் போவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றின் மேல்தான். மூன்றுமே பயந்த மீன்கள், மூன்றையுமே கடையில் "கொஞ்சம் டெலிகேட் சார்" என்று ஒரே மாதிரி சொல்லித்தான் கொடுப்பார்கள். ஆனால் எது அதிகமாக ஒளிகிறது என்பதற்கும் எது சீக்கிரம் சாகிறது என்பதற்கும் சம்பந்தமே கிடையாது. அதிகமாக ஒளிவது மரைன் பெட்டா, மூன்றில் கெட்டியான உடம்பு அதற்குத்தான். தொட்டியில் பழகியதும் பகலிலேயே கண்ணெதிரே பாறை பாறையாகத் தத்தித் திரிவது மாண்டரின், அதுதான் முதலில் போகும்.

காரணம் சாப்பாடு. ஜப்பானின் ரியூக்யூ தீவுகளிலிருந்து ஆஸ்திரேலியா வரை மேற்குப் பசிபிக்கின் பவளத் திட்டுகளில் வாழும் மாண்டரினுக்கு வாய் குட்டியூண்டு, வேகமும் கிடையாது. பாறையில் ஊரும் கோபிபாட் போன்ற பொடி ஜீவன்களைச் சில நொடிக்கு ஒன்றாக நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்கும். நாம் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை ஃப்ரோசன் உணவு போட்டால் மற்ற மீன்கள் அரை நிமிடத்தில் காலி செய்துவிடும், இது ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் கடலில் பிடித்த மாண்டரினை வாங்குவதென்றால் குறைந்தது 200 லிட்டர் தொட்டி, நிறைய லைவ் ராக் (பொடி ஜீவன்கள் குடியிருக்கும் பாறை), ஒரு வருடமாவது ஓடிப் பழகிய தொட்டி, முடிந்தால் சம்ப் எனும் கீழ்த்தொட்டியில் பாசி வளர்த்துப் பொடி ஜீவன்களைப் பெருக விடும் ரெஃப்யூஜியம், இவ்வளவும் வேண்டும். கோபிபாட் பாட்டில் ஒன்றை வாங்கி ஊற்றினால் போதும் என்பார்கள், நம்பாதீர்கள். தொட்டியில் அவை பெருக இடமில்லையென்றால் மாண்டரின் ஊற்றியதைச் சீக்கிரமே தின்று தீர்த்துவிட்டுத் திரும்பப் பட்டினி கிடக்கும். கொடுமை என்னவென்றால், பட்டினி கிடக்கும் மாண்டரின் நிறம் மங்காமல் அழகாகவே இருக்கும். பார்க்க வேண்டியது வயிற்றை. வயிறு உள்ளே ஒட்டி, முதுகோரம் குழி விழுந்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். பிலிப்பைன்ஸில் இவற்றைச் சின்ன ஈட்டித் துப்பாக்கியால் குத்திப் பிடிப்பதும் உண்டு, துடுப்போரம் காயம் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

பண்ணையில் பிறந்த மாண்டரின் என்றால் கதையே வேறு. அமெரிக்காவில் ஓ.ஆர்.ஏ., பசிபிக் தீவு நாடான பலாவுவில் பயோட்டா போன்ற பண்ணைகள் இதை முட்டையிலிருந்து வளர்த்து விற்றிருக்கின்றன. குட்டியிலிருந்தே ஃப்ரோசன் உணவுக்குப் பழகி வரும் மீன் அது, சிலது குருணைத் தீவனம்கூடத் தின்னும். விலை அதிகம், நம் ஊரில் அதிகமாகக் கண்ணில் படாது, கிடைத்தாலும் சின்னஞ்சிறு சைஸில்தான் வரும். அப்போதும் ஒரு நாளைக்குப் பல தடவை கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். அலுவலகம் போகிற ஆளுக்கு இது நடக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவையைப் படுக்க வைத்து அதற்குள் உணவைப் போட்டுப் பழக்கினால் மற்ற மீன்களின் தொல்லை குறையும். இன்னொன்று, இதை வலை போட்டுப் பிடிக்கக் கூடாது. கன்னத்தில் இருக்கும் முள் வலையில் மாட்டிக்கொள்ளும், டப்பாவில் மொண்டு எடுங்கள். இவ்வளவு பாடு எதற்கு என்றால், அந்த நீலத்துக்காக. மற்ற மீன்களில் நாம் பார்க்கும் நீலம் பெரும்பாலும் ஒளி சிதறுவதால் தெரிவது. மாண்டரினின் தோல் செல்களில் நிஜமாகவே நீல நிறமி இருக்கிறது, முதுகெலும்புள்ள விலங்குகளில் இது ரொம்ப அபூர்வம்.

ஃபயர்ஃபிஷ்ஷுக்குச் சாப்பாட்டுப் பிரச்சினையே இல்லை. ஓட்டத்தில் மிதந்து வருவதைக் கவ்வித் தின்கிற மீன், மைசிஸ், ஆர்ட்டீமியா என்று பொடி இறால் வகை எது போட்டாலும் பிடிக்கும். 80, 100 லிட்டர் தொட்டி போதும், விலையும் கட்டுப்படியாகும். பயந்தால் ஒரே பாய்ச்சலில் பொந்துக்குள் போய்விடும், பொந்து பக்கத்தில் இல்லையென்றால் மேலே பாயும். இந்த மீன் சாவதில் பெரும்பங்கு நோயால் இல்லை, தரையில் விழுந்துதான். மூடி இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். கண்ணாடி மூடியைவிட 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலை மூடி நல்லது, ஒயர் போகிற இடைவெளியையும் அடைத்துவிடுங்கள், வெளியே பாய அதுவே இதற்குத் தாராளம். ஜோடி சேராத இரண்டைப் போட்டால் ஒன்று மற்றதை விரட்டிக்கொண்டே இருக்கும், ஒன்றே ஒன்று வைப்பது நிம்மதி. டாம்சல் மாதிரி அடாவடி மீன்கள் இருந்தால் பொந்தை விட்டு வெளியே வராமலே இளைத்துப் போகும்.

மரைன் பெட்டா பொறுமைசாலிகளுக்கு. கறுப்பு உடம்பில் வெள்ளைப் பொட்டு, முதுகுத் துடுப்பின் கடைசியில் ஒரு பொய்க் கண். ஆபத்து என்று பட்டால் தலையைப் பொந்துக்குள் நுழைத்து வாலை வெளியே விட்டுவிடும், பார்ப்பதற்கு விலாங்கு ஒன்று தலையை நீட்டுகிற மாதிரியே இருக்கும். இரவில் இரை தேடும் மீன் என்பதால் முதல் சில வாரம் தொட்டியில் மீன் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். விளக்கை அணைத்ததும் உயிருள்ள இறாலோ, இடுக்கியில் பிடித்த மைசிஸோ பொந்து வாசலில் காட்டினால் மெதுவாக வரும். ரொம்ப மெதுவாக. டாங் போன்ற வேகமான மீன்கள் நிறைய இருந்தால் இதற்கு எதுவும் மிஞ்சாது. தின்னத் தொடங்கிவிட்டால் வெள்ளைப் புள்ளி நோய்கூட மற்ற மீன்களை வாட்டுகிற அளவுக்கு இதை வாட்டுவதில்லை, பல வருடம் இருக்கும். 20 சென்டிமீட்டர் வரை வளரும் என்பதால் 250 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் வைப்பது பாவம்.

கடல் குதிரையையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். இந்தியாவில் அது 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, யாராவது ரகசியமாக விற்றால் நகர்ந்துவிடுங்கள்.

என் ஓட்டு முதல் தடவைக்கு ஃபயர்ஃபிஷ். மாண்டரின் வேண்டுமென்றால், உங்கள் தொட்டிக் கண்ணாடியில் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்து, வெள்ளைப் புள்ளி புள்ளியாகப் பொடி ஜீவன்கள் ஊர்ந்தால் மட்டும் யோசியுங்கள். எதுவானாலும் வெயில் காலத்தில் தண்ணீர் 27 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க முடியாதவர்கள் மேலே ஃபேன் வைத்து இரண்டு மூன்று டிகிரி குறைக்கலாம், ஆனால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும், குறைகிற அளவுக்குத் தினமும் ஆர்.ஓ. தண்ணீர் விட வேண்டும். வலை மூடி என்றால் ஃபேன் காற்றும் உள்ளே போகும்.

சேர்த்து வைப்பதென்றால் மாண்டரினும் ஃபயர்ஃபிஷ்ஷும் ஒத்துப்போகும், ஒன்று பாறையில் தின்னும், மற்றது நடுத்தண்ணீரில். மரைன் பெட்டாவோடு ஃபயர்ஃபிஷ்ஷை விடாதீர்கள், வாயில் அடங்குவதெல்லாம் அதற்கு இரை, இறாலும் தப்பாது. தொட்டியில் ஏற்கெனவே சிக்ஸ்லைன் ராஸ் என்ற மீன் இருக்கிறதா? அதுவும் அதே கோபிபாட்டைத்தான் தின்கிறது, மாண்டரினைவிடப் பத்து மடங்கு சுறுசுறுப்பாக. முதலில் அதற்கு வேறு வீடு பாருங்கள்.