எஃப்ஏஓ உணவு விலைக் குறியீடு: ஓசி சர்வீஸ்தான், ஆனா மேல இருக்குற நம்பரோட நின்னுடாதீங்க

மாசாமாசம் முதல் வாரத்துல, பெரும்பாலும் வெள்ளிக்கிழமை, ஐநாவோட உணவு வேளாண்மை அமைப்பு (அதான் எஃப்ஏஓ) ஒரு நம்பர் விடுவாங்க, உலகச் சந்தைல சாப்பாட்டுப் பொருள் விலை ஏறிச்சா இறங்கிச்சான்னு. லாகின் வேணாம், காசு வேணாம், எக்செல் ஃபைலை அப்படியே இறக்கிக்கலாம். இது தெரியாம நான் ஒரு ஆப்புக்கு மூணு மாசம் சந்தா கட்டினேன், பேரு வேணாம், கடைசில பாத்தா இதே நம்பருக்கு கலரடிச்சு வித்துட்டு இருந்திருக்காங்க.

தானியம், தாவர எண்ணெய், பால் பொருள், இறைச்சி, சர்க்கரைன்னு அஞ்சு கூட்டம், 2014-16 சராசரி விலைய 100னு வச்சு கணக்கு. 2022 மார்ச்சுக்கு முதல்ல 159.3னு விட்டாங்க, அப்புறம் திருத்தி 160ஐ தாண்டிருச்சு. பழைய மாசக் கணக்கும் இப்படி மாறும், அதனால ஒவ்வொரு தடவையும் ஃபைலை புதுசா எடுங்க.

விஷயமே உள்ள இருக்கு. தாவர எண்ணெய்க்கு மட்டும் சார்ட் போட்டுப் பாருங்க, அதே மார்ச்சுல 250 கிட்ட செங்குத்தா நிக்கும். உக்ரைன் துறைமுகம் அடைபட்டதுல சூரியகாந்தி எண்ணெய் வரத்து நின்னுச்சு, எல்லாரும் பாமாயில் பக்கம் ஓடினாங்க, இந்தோனேசியா ஏப்ரல் 28ல ஏற்றுமதியையே நிறுத்திருச்சு, அப்புறம் அங்க பனைப்பழக் குலைய வாங்க ஆளில்லாம விவசாயிங்க தெருவுக்கு வந்து, மே 23ல தடைய எடுத்துட்டாங்க. 2008ல அரிசிக்கும் இதே கூத்துதான். விளைச்சல் பெருசா ஒண்ணும் குறையல, இந்தியாவும் வியட்நாமும் ஏற்றுமதிய இறுக்கினாங்க, வாங்குற நாடுங்க பயந்து அள்ளினாங்க, தாய்லாந்து அரிசி டன்னு 1000 டாலர் போச்சு. ஜப்பான் கிடங்குல சும்மா கிடந்த இறக்குமதி அரிசிய வெளிய விடலாம்னு பேச்சு வந்ததுமே, ஒரு மூட்டை கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே விலை சரிஞ்சுருச்சு! அதனாலதான் 2011ல ஜி20 நாடுங்க ஆமிஸ்னு (வேளாண் சந்தைத் தகவல் அமைப்பு) ஒண்ணு ஆரம்பிச்சாங்க, யார்கிட்ட எவ்வளவு கையிருப்புன்னு எல்லாருக்கும் தெரிஞ்சா பாதி பயம் அடங்கும். இந்தக் குறியீட்டோட அதையும் சேத்துப் படிங்க.

குறைன்னா, ஏன் ஏறுச்சுன்னு நம்பர் சொல்லாது. எரிவாயு ஏறினா அதுலேர்ந்து செய்யுற அம்மோனியா ஏறும், அதுலேர்ந்து வர்ற யூரியா உரம் ஏறும், தானியம் பின்னாடியே வரும், அதுக்கு உலக வங்கியோட மாசாந்திர சரக்கு விலைப் பட்டியலான பிங்க் ஷீட்டைத்தான் தொறக்கணும். அமெரிக்க மக்காச்சோளத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல எத்தனாலுக்குப் போகுது, பெட்ரோல்ல கலக்கணும்னு சட்டமே இருக்கு, தட்டுப்பாடு வந்தா அந்தக் கட்டாயத்தை கொஞ்சம் தளத்துனா என்னன்னு எனக்குத் தோணும்.

இன்னொண்ணு, இது ஏற்றுமதி விலை, கடை விலை இல்ல. 2022 மார்ச்சுக்கு அப்புறம் 12 மாசம் தொடர்ந்து இறங்குச்சு, ஆனா பல நாட்டுல பில்லு இறங்கவே இல்ல, ஏன்னா கணக்கு டாலர்ல, உள்ளூர் பணம் விழுந்தா எறங்கினதெல்லாம் அங்கயே கரைஞ்சுரும். எல்லாருக்கும் விலைய அமுக்குறதை விட இல்லாதவங்க கைல பணமா குடுக்குறது மேல்னு நான் நினைக்கிறதும் இதனாலதான்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். பருப்பையும் காய்கறியையும் சேத்தாங்கன்னா மிச்ச ஒண்ணையும் குடுத்துடலாம்.