கழுத்து நாள ஸ்கேன்: ஹட்டனில் ஒரு தனியார் நிலையம்

சென்ற மாதம் ஒரு காலையில் அப்பாவின் வலக்கை தேநீர்க் கோப்பையைப் பிடிக்க இயலாமல் தளர்ந்து, பேச்சும் குழறி, பத்து நிமிடத்தில் தானாகவே சரியானது. குளிரில் நரம்பு இழுத்திருக்கும் என்று லயத்தில் சொன்னதை நம்பி இரண்டு நாள்களைக் கடத்திவிட்டோம். இப்படி வந்து மறையும் தளர்ச்சி பாரிசவாதத்தின் முன்னறிவிப்பு. அன்றே 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸை அழைத்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் செய்து, மாத்திரை தொடங்கி, கழுத்து நாளங்களுக்கு டொப்ளர் ஸ்கேனும் எழுதித் தந்தார்கள். அதை எடுத்த இடத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

ஊசியும் இல்லை, பட்டினியும் இல்லை. கழுத்தில் ஜெல் தடவிக் கருவியை நகர்த்தி, மூளைக்கு இரத்தம் பாயும் வேகத்தையும் நாளச் சுவரில் படிந்த கொழுப்பையும் அரை மணி நேரத்தில் பார்த்து முடித்தார்கள். ஆனால் என் மனத்தில் நிற்பது, அதற்கு முன் அங்கிருந்த வைத்தியர் நல்ல தமிழில், பொறுமையாகக் கேட்ட கேள்விகள்தான்: பீடி எத்தனை வருடம், சீனி வருத்தம் உண்டா, கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது பாரிசவாதம் வந்ததா, கருவாடு வாரத்தில் எத்தனை நாள். நாற்பது வருடம் பீடி குடித்த அப்பா, தலையிடிக்கும் நாளில் மட்டும் பிரஷர் மாத்திரை போடுவதாகச் சொன்னார்.

“பிரஷர் ஏறினாலும் உங்களுக்குத் தெரியாது ஐயா. அது நாளத்தின் உட்சுவரைத் தினமும் புண்ணாக்கும். அந்த இடத்தில்தான் கொழுப்புப் படியும். பீடியும் சீனியும் அதை இன்னும் வேகமாக்கும்” என்று தாளில் வரைந்து காட்டினார். இத்தனை வருடம் கிளினிக்குக்குப் போயும் எங்களுக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அப்பாவுக்கு இடப்பக்க அடைப்பு 50 சதவீதத்துக்குக் குறைவு என்பதால் சத்திரசிகிச்சை வேண்டாம், மாத்திரைகளை ஒரு நாளும் விடக்கூடாது என்றார்கள். அடைப்பு 70 சதவீதத்தைத் தாண்டி, இத்தகைய அறிகுறியும் வந்திருந்தால் சத்திரசிகிச்சையைப் பற்றி யோசிப்பார்களாம்.

குறைகளும் உண்டு. இலக்கம் தந்தும் இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். ஸ்கேன் அறை இரண்டாம் மாடியில், லிஃப்ட் இல்லை. அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்ததால், வைத்தியர் சொன்னதை அதன் பின்புறத்தில் நானே தமிழில் எழுதிக்கொண்டேன். பாரிசவாதத்துக்கு அஞ்சி வருவோரில் பெரும்பாலோர் தோட்டத்து மக்களாக இருக்கும் இடத்தில் இதை ஏற்க முடியவில்லை.

வைத்தியர் எழுதித் தந்திருந்தால் தயங்காமல் இங்கு போகலாம். அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் இதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை. பிரஷரையும் சீனியையும் கொலஸ்ட்ரோலையும் அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.