வீடியோ கவுன்சலிங்கா, மதுரை பஸ்ஸா, 14416-ஆ: காரைக்குடிப் பக்கம் எது சரிப்படும்?

சிங்கப்பூர் வேலை முடிந்து ஊர் திரும்பி என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர், கணவர் போன பிறகு அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சி, பங்கு வீட்டுத் தகராறில் அண்ணன் தம்பி பேச்சே நின்றுபோனவர், விவாகரத்துக்குப் பின் பிறந்த வீட்டுக்கு வந்த பெண். நம் பக்கத்தில் கவுன்சலிங் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்கள்தான். பெரிய வியாதி என்று எதுவும் இல்லை, ஆனால் தூக்கம் கெடுகிறது, சாப்பாடு இறங்கவில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல்.

நேரில் போவதில் ஒரு வசதி உண்டு. கை நடுங்குவதையும் காலை ஆட்டிக்கொண்டே இருப்பதையும் எதிரே உட்கார்ந்திருப்பவர் பார்ப்பார், திரையில் அது முழுதாக வராது. ஆனால் நம்முடையது சின்ன ஊர். மனநல மருத்துவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "என்னாச்சி, யாருக்கு முடியல?" என்று ஒரு தெரிந்த முகம் வந்து நிற்கும், சாயங்காலத்துக்குள் பள்ளத்தூர் வரை சேதி போய்விடும். இதற்குப் பயந்து மதுரைக்குப் போகிறவர்களுக்குப் போக வர ஒரு முழு நாள் போகிறது, சில வாரத்தில் அலுப்புத் தட்டி நிறுத்திவிடுகிறார்கள். பாதியில் நிற்பதுதான் இதில் பெரிய நஷ்டம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காசில்லாமல் மனநல மருத்துவரைப் பார்க்கலாம், மருந்தும் கிடைக்கும். ஆனால் அந்தக் கூட்டத்தில் வாராவாரம் உட்கார்ந்து மனசு விட்டுப் பேச அவகாசம் எதிர்பார்க்க முடியாது.

டெலி மானஸ், அதாவது 14416 என்ற மனநல உதவி போன் எண்ணை, மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில், தொடங்கியது. இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைத்துவிடுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு படபடக்கும்போது இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் அடுத்த முறை வேறு ஒருவர் எடுக்கலாம், அப்புறம் மாமியார் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

சந்தா கட்டிப் பேசும் கவுன்சலிங் ஆப்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வெளிநாட்டிலிருக்கும் மகன் ஆசையாக அம்மாவுக்குச் சந்தா கட்டிவிடுகிறான், எதிர்முனையில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது, ஆச்சி என்னத்தைச் சொல்வார்? ரகசியத்துக்கும் உத்தரவாதம் குறைவு. பெட்டர்ஹெல்ப் என்ற பெரிய அமெரிக்க ஆன்லைன் கவுன்சலிங் நிறுவனம், வெளியே விடமாட்டோம் என்று சொல்லி வாங்கிய தகவல்களை ஃபேஸ்புக் போன்றவற்றுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023-ல் நடவடிக்கை எடுத்து, 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது என்றுதானே ஆன்லைனுக்கே போகிறோம்!

மிச்சம் இருப்பது, சென்னையிலோ கோவையிலோ இருக்கும் தமிழ் பேசும் உளவியலாளர் ஒருவரிடம் வாரம் ஒருமுறை வீடியோவில் பேசுவது. வாழ்க்கை மாற்றத்தில் தடுமாறுகிறவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஒரே ஆள் தொடர்ந்து கேட்கிறார், பஸ் அலைச்சல் இல்லை, ஊரில் யாருக்கும் தெரியாது. மிதமான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் வீடியோவில் தரும் பேச்சு சிகிச்சை நேரில் தருவதற்கு ஏறக்குறைய சமமாகவே பலன் தருகிறது என்றுதான் ஆய்வுகளும் சொல்கின்றன. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: கவுன்சிலர் என்ற போர்டை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவரிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. மருந்து எழுதுவது மனநல மருத்துவர் வேலை, உளவியலாளர் எழுத முடியாது.

நம் செட்டிநாட்டு வீடுகளில் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தத் தடிமன் சுவருக்குள் சிக்னல் கிடைக்காது, முகப்பில் வைத்த வைஃபை இரண்டாங்கட்டுக்கு வராது. சிக்னல் கிடைக்கும் வளவிலோ, அதாவது நடு முற்றத்திலோ, நாலு பேர் நடமாடுவார்கள், அங்கே உட்கார்ந்து அழ முடியுமா? ஊரணிக் கரையில் காரை நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசுங்கள், சிரிக்காதீர்கள், நன்றாகவே வேலை செய்யும். கார் இல்லாதவர்கள் வீடியோவை அணைத்துவிட்டு மாடியிலிருந்து வெறும் போனில் பேசலாம், பெரும்பாலான உளவியலாளர்கள் சம்மதிப்பார்கள்.

சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறவர், காதில் குரல் கேட்கிறவர், குடியை விட்டதும் உடம்பு நடுங்குகிறவர் இந்த ஒப்பீட்டையெல்லாம் விட்டுவிட்டு நேரே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், ஊர் என்ன சொன்னால் என்ன. வீடியோவில் பேசப்போகிற ஆளும் முதல் நாளே உங்கள் முகவரியையும் வீட்டில் ஒருவருடைய போன் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், அவசரத்துக்கு அதுதான் உதவும். அதைக் கேட்காதவரிடம் இரண்டாவது வாரத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.