18 அடிப் படகில் எண்ணெய் பில்டரை எங்கே பூட்டுவது: மூன்று வருடம் ஓடிப் பார்த்த அனுபவம்

எங்கள் படகு 18 அடி பைபர். யாழ்ப்பாணத்தின் வடக்குக் கரையில் நிற்கிறது. 15 குதிரைவலு இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சின், மண்ணெண்ணெயில் ஓடுவது. விடிய முன்னம் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். கரைக்கு வர முன்னம் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றி, காபரேற்றரில் இருக்கும் மண்ணெண்ணெய் எரிந்து முடிந்த பிறகுதான் நிறுத்துவோம். இல்லாவிட்டால் அடுத்த நாள் கயிறு இழுத்தே கை விட்டுப் போகும்.

2022 வரைக்கும் எங்கள் படகில் தனியாக ஒரு பில்டர் இருந்ததில்லை. இஞ்சின் மூடிக்குள் கம்பனி வைத்துத் தந்த பெருவிரல் அளவு பில்டர் மட்டும்தான். அது போதுமாகவும் இருந்தது. அந்த வருடம் மண்ணெண்ணெய் கிடைக்காமல் வரிசையில் நின்ற நாட்களை எங்கள் கரையில் ஒருவரும் மறக்கமாட்டார்கள். ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்கு ஏறியது. கிடைத்த எண்ணெயைக் கிடைத்த கானில் வாங்கிச் சேர்த்து வைத்தோம். சமையல் எண்ணெய்க் கான், தண்ணீர்க் கான், மூடி தொலைந்து பொலித்தீன் கட்டிய கான் என்று எல்லாம் இருந்தன. அதற்குள் தண்ணீர் எப்படிப் போனது, மண் எப்படிப் போனது என்று யாரைக் கேட்பது?

அந்த வருடச் சோளகக் காற்றுக் காலத்தில்தான் இஞ்சின் எங்களை நடுக்கடலில் விட்டது. நானும் மச்சானும் வலை இழுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். முழு வேகத்தில் போகும்போது சத்தம் இறங்கியது, ஒருமுறை எழும்பியது, நின்றது. சோளகம் எங்கள் கரையிலிருந்து வெளிக்கடலுக்குத் தள்ளும் காற்று. இஞ்சின் இல்லாமல் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் கரை விலகிப் போகும், இந்தியக் கடல் எல்லை கிட்டவாக வரும். நங்கூரத்தைப் போட்டுவிட்டு இஞ்சின் மூடியைக் கழற்றினேன். அந்தச் சின்னப் பில்டரின் கண்ணாடிக் கிண்ணத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். கழற்றி ஊற்றி, பூட்டி, எண்ணெய்க் குழாயில் கைப்பம்பாக இருக்கும் ரப்பர்ப் பந்தை அமத்தி ஓட்டினால் கால் மணித்தியாலத்தில் மறுபடி அதே கதை. கரை வந்து சேர நாலு தடவை கழற்றினேன். நாலாம் தடவை கிண்ணத்தின் ரப்பர் வளையம் கையிலிருந்து வழுக்கி இஞ்சினுக்குள் விழ, அதை எடுக்க முடியாமல் நான் நிற்க, மச்சான் என் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அடுத்த கிழமையே தண்ணீர் பிரிக்கும் பெரிய பில்டர் ஒன்று வாங்கினேன். லொறி இஞ்சின்களில் இருப்பதுபோல மேலே ஒரு தலை, கீழே திருகிக் கழற்றும் குப்பி, 10 மைக்ரோன் அளவு நுண்ணிய தூசையும் பிடிப்பது. நல்ல பில்டர் வாங்கினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றுதான் நினைத்தேன். எங்கே பூட்டுவது என்பது அதைவிடப் பெரிய கேள்வி என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை வருடமும் நாலு இடமும் தேவைப்பட்டன.

முதல் இடம் இஞ்சின் பூட்டியிருக்கும் பின்பலகை. எல்லாரும் அங்கேதான் பூட்டுவார்கள், இஞ்சினுக்குக் கிட்ட, ஓஸும் குறைவு. நானும் உட்பக்கமாக இரண்டு ஓட்டை போட்டுப் பூட்டினேன். இரண்டு தவறு செய்திருக்கிறேன் என்று பிறகுதான் விளங்கியது. பின்னால் இருந்து அலை ஏறும்போது உப்புத்தண்ணீர் முழுவதும் அதன் தலையில்தான் விழும். எட்டு மாதத்தில் குப்பியின் அடி துரு பிடித்து உதிர்ந்தது. மற்றது, குப்பிக்குக் கீழே ஒரு விரல் இடைவெளிதான் விட்டிருந்தேன். இந்தக் குப்பி திருகிக் கீழே இறங்கித்தான் வெளியே வரும், அதற்கு ஆகக் குறைந்தது இரண்டு அங்குலம் வேண்டும். கழற்ற வேண்டி வந்த அன்று முழுப் பில்டரையும் பின்பலகையிலிருந்து கழற்ற வேண்டியதாயிற்று. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பைபர் படகுகளில் பின்பலகையின் உள்ளே பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். ஓட்டை போட்ட இடத்தைச் சரியாக அடைக்காவிட்டால் தண்ணீர் உள்ளே போய் மரம் உக்கும். இஞ்சினின் முழுப் பாரமும் அந்தப் பலகையில்தான் தொங்குகிறது. அதில் தேவையில்லாமல் ஒரு ஓட்டையும் போடாதீர்கள்.

இரண்டாவதாக, உப்புக்குப் பயந்து அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், மூடி போட்ட பெட்டிக்குள் கொண்டுபோய் வைத்தேன். துரு பிடிக்கவில்லை, உண்மைதான். ஆனால் தாங்கியிலிருந்து அணியத்துக்கு ஒரு ஓஸ், அங்கிருந்து இஞ்சினுக்கு ஒரு ஓஸ் என்று படகின் நீளத்துக்குக் குழாய். வலைக்குக் கீழே, நங்கூரக் கயிற்றுக்குக் கீழே மிதிபட்டது. பெட்டியைத் திறந்தால் எண்ணெய் மணம். மூடிய இடத்தில் எண்ணெய் கசிந்தால் அது காற்றோடு போகாது, அங்கேயே தேங்கும். மண்ணெண்ணெயாவது பரவாயில்லை, அதே இடத்தில் பெற்றோல் என்றால் ஒரு பொறி போதும். இரண்டு மாதத்தில் எடுத்துவிட்டேன்.

மூன்றாவது, தாங்கிக்குப் பக்கத்தில், தரையோடு. இது இரண்டு கிழமைகூட நிற்கவில்லை. மீன் கழுவிய தண்ணீரிலேயே கிடந்தது. ஒருநாள் குப்பியைத் திருகிக் கழற்றியபோது கையில் எண்ணெய் வழிந்துகொண்டே இருந்தது, நிற்கவில்லை. தாங்கியில் உள்ள எண்ணெய் மட்டத்தைவிட பில்டர் கீழே இருந்தால், கழற்றியதும் தாங்கியே அதன்வழியாக இறங்கத் தொடங்கிவிடும். காசு கொடுத்து வாங்கிய எண்ணெய் படகின் அடியில்.

இப்போது இருக்கும் இடத்துக்கு 2024 தொடக்கத்தில் வந்தேன். படகின் இடது பக்கச் சுவரில், பின் குறுக்குப் பலகைக்கு அடியில், அந்தப் பலகையே கூரைபோல மறைக்கிறது. சுவரில் நேரடியாகத் துளைக்காமல், ஒரு மரக்கட்டையை பைபர் போட்டு ஒட்டி, அந்தக் கட்டையில் பூட்டினேன். பில்டரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர், அதாவது 24 லீற்றர் தாங்கியின் மூடியைவிட சற்று உயரம். நான் வலப்பக்கம் இருந்து இடக்கையால் இஞ்சின் கைபிடியைப் பிடிப்பேன், அப்போது பில்டர் எனக்கு நேரே தெரியும். கை நீட்டினால் எட்டும். அதைவிட உயர்த்தவும் கூடாது. இந்த இஞ்சின்களின் எண்ணெய்ப் பம்ப் ஒரு மெல்லிய ரப்பர்த் தகடு. இஞ்சினின் உள்காற்றழுத்தம் மாறும்போது அசைந்து எண்ணெயை உறிஞ்சும். பலம் குறைவு. ஒவ்வொரு அங்குல உயரமும், ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு ஒடுங்கிய மூட்டும் அதற்குச் சுமை.

உயரத்தைவிடப் பெரிய விசயம், பில்டர் குழாயில் எத்தனையாவது ஆளாக நிற்க வேண்டும் என்பது. தாங்கிக்கு அடுத்ததாக, பந்துக்கு முன்னால். இதில் எங்கள் கரையிலேயே வாக்குவாதம் உண்டு. பந்துக்குப் பின்னால் வைத்தால் பந்தை அமத்தும்போதே எண்ணெய் தள்ளுப்பட்டு குப்பி நிரம்பும், கசிவு இருந்தால் வெளியே தெரியும் என்பார்கள். அது சரியான கதைதான். ஆனால் முன்னால் வைத்தாலும் பந்து உறிஞ்சி நிரப்பும். இருபது தரம் அமத்த வேண்டி வரும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாகக் கிடைப்பது பெரியது. பந்துக்குள் இருக்கும் சின்ன வால்வுகளில் மண் போய் ஒட்டாது. அதோடு, பில்டர் அடைபட்டால் பந்து உங்களுக்குச் சொல்லும். ஓடிக்கொண்டிருக்கும்போது பந்து சப்பையாக ஒட்டிப்போனால், அடைப்பு பந்துக்கு முன்னால், அதாவது பில்டரிலோ தாங்கியிலோ, அல்லது தாங்கி மூடியின் காற்றுத் திருகு பூட்டிக் கிடக்கிறது. எத்தனை அமத்தியும் பந்து இறுகாமல் மெத்தென்று இருந்தால், எங்கோ காற்று இழுக்கிறது. நடுக்கடலில் இருட்டில் கையாலேயே கண்டுபிடிக்கக்கூடிய அடையாளங்கள் இவை. பில்டரைப் பின்னால் வைத்தவருக்கு முதல் அடையாளம் கிடைக்காது.

மண்ணெண்ணெய் இஞ்சின் வைத்திருப்பவர்கள் அடுத்ததைக் கட்டாயம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் பெற்றோல் மட்டும் ஓட்டுபவர்கள் சொல்லும் யோசனை எங்களுக்கு இந்த இடத்தில் பொருந்தாது. எங்கள் படகில் இரண்டு எண்ணெய், அவை சேரும் இடத்தில் ஒரு மாற்று வால்வு. "ஒரே பில்டரை வால்வுக்குப் பிறகு வை, இரண்டையும் அதுவே வடிக்கும்" என்று ஒருவர் சொல்ல, முதலில் நானும் அப்படித்தான் வைத்தேன். குப்பியில் எவ்வளவு பிடிக்கும் என்று பிறகு அளந்து பார்த்தேன்: 300 மில்லிலீற்றர். கரையை அண்டி மெதுவாக ஓடும்போது இந்த இஞ்சின் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர், ஒன்றரை லீற்றர்தான் குடிக்கும். பெற்றோலுக்கு மாற்றிய பிறகும் அந்தக் குப்பியில் இருக்கும் மண்ணெண்ணெய் முடிய ஒரு கால் மணித்தியாலம். நான் இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துவேன். அடுத்த நாள் விடிய, குளிர்ந்த இஞ்சினுக்குள் போவது மண்ணெண்ணெய். பிளக் நனைந்து போகும். ஒரு மாதம் முழுக்க இஞ்சினில்தான் பிழை என்று நினைத்துப் பிளக் மாற்றினேன், கொயில் மாற்றினேன். காசு போனதுதான் மிச்சம்.

ஆகவே பெரிய பில்டர் மண்ணெண்ணெய்க் குழாயில் மட்டும், வால்வுக்கு முன்னால். பெற்றோல் குழாயில் ஒரு சின்னக் கண்ணாடிப் பில்டர் போதும், அதில் ஒரு மேசைக்கரண்டி அளவுகூட நிற்காது. வால்வை இஞ்சினுக்கு எவ்வளவு கிட்ட வைக்கலாமோ அவ்வளவு கிட்ட. இப்போது மாற்றி இரண்டு நிமிடத்தில் இஞ்சினின் சத்தமே மாறுவது காதுக்குத் தெரிகிறது.

இந்த இடத்திலும் ஒருமுறை அடி வாங்கினேன். 2024 கடைசியில் குப்பி மாற்றிய அன்று மெதுவாக ஓடும்போது இஞ்சின் நன்றாக நின்றது, முழு வேகத்துக்குக் கொடுத்தால் அமுங்கியது. இஞ்சின் திருத்துகிற அண்ணையிடம் கொண்டுபோனேன். அவர் இஞ்சினைத் தொடவே இல்லை. பந்துக்கும் இஞ்சினுக்கும் நடுவில் உள்ளே ஓடுவது தெரியும் ஒரு முழ நீளக் குழாயைப் போட்டு, ஓடவிட்டுப் பார்த்தார். உள்ளே முத்து முத்தாகக் காற்றுக் குமிழி ஓடியது.

"தம்பி, எண்ணெய் இல்லாமலில்லை. காத்து இழுக்குது. பழைய வளையத்தைக் கழட்டினனீங்களோ?"

கழற்றவில்லை. பழைய குப்பியின் ரப்பர் வளையம் தலையிலேயே ஒட்டியிருந்தது, அதற்கு மேல் புதியது. இரண்டு வளையம் ஒன்றின்மேல் ஒன்று சரியாக அமராது. தாங்கியிலிருந்து பம்ப் வரைக்கும் முழுவதும் உறிஞ்சல் என்பதால், சின்ன இடைவெளி இருந்தால் எண்ணெய் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஒரு சொட்டுக் கசிவுகூடக் கண்ணில் படாது. அன்றிலிருந்து குப்பியைக் கழற்றினால் முதலில் விரலால் தலையைத் தடவிப் பார்க்கிறேன். புதிய வளையத்தில் கொஞ்சம் எண்ணெய் பூசி, தொட்டதும் கையாலேயே இன்னும் முக்கால் சுற்று. சாவி போட்டு இறுக்குவதில்லை. தலையில் பூட்டும் மூட்டுகளுக்கு, தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப் சுற்றாதீர்கள். அது நாராகப் பிய்ந்து உள்ளே போகும், பில்டருக்குப் பிறகு இருக்கும் மூட்டென்றால் நேரே காபரேற்றருக்குத்தான். எண்ணெய்க்குத் தாங்கும் பசை விற்கிறார்கள், அதைப் பூசுங்கள். கிளிப் எல்லாம் துருப்பிடிக்காத எவர்சில்வர்.

இடம் சரியானாலும் உப்பு விடாது. இப்போதைய இடத்தில் ஒரு குப்பி ஒரு வருடம் தாங்குகிறது, அதுவும் வாங்கியதும் வெளியே ஒருமுறை பெயின்ட் அடித்து, மாதம் ஒருதரம் கிறீஸ் தடவினால்தான். அலுமினியத் தலையில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, இரும்பு ஆணி பூட்டிய இடத்தில் அதிகம். அடுத்த முறை ஆணிக்கும் தலைக்கும் நடுவில் பிளாஸ்டிக் வளையம் போடப் போகிறேன். அடியில் தண்ணீர் திறந்துவிடும் திருகு உள்ள கண்ணாடிக் கிண்ண வகையும் உண்டு. திறந்த படகில் அது வசதிதான். நான் இன்னும் வாங்கவில்லை. வலைக்கல்லு ஒன்று பட்டால் உடைந்துவிடும் என்ற பயம்.

மாதம் ஒருமுறை குப்பியைக் கழற்றி ஒரு வெள்ளைப் போத்தலில் ஊற்றி, பத்து நிமிடம் அசையாமல் வைத்துப் பார்க்கிறேன். தண்ணீர் மண்ணெண்ணெயைவிடப் பாரம், அடியில் கோடு போட்டதுபோலப் பிரிந்து நிற்கும். 2024இல் ஒரு விரல் அளவு நின்றது. இப்போது ஒரு சில துளிதான், ஏனென்றால் கான்களைச் சரியாகக் கழுவி மூடி வைக்கத் தொடங்கிவிட்டோம். போன வாடைக்காற்றுக் காலத்தில், மழைக்குப் பிறகு ஒரு நாள், மறுபடி ஒரு விரல் தண்ணீர். தேடிப் பார்த்தால் தாங்கி மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. நூறு ரூபாச் சாமான். பில்டர் பிடித்து வைத்திருந்ததால் அன்று இஞ்சின் ஒருமுறைகூட இருமவில்லை.

மச்சான் தன் படகுக்கும் இப்போது கட்டை ஒட்டியிருக்கிறான். அவனுடையது 25 குதிரைவலு, பெற்றோல் மட்டும். வால்வுப் பிரச்சினை அவனுக்கு இல்லை. ஆனால் அவன் படகில் பின் குறுக்குப் பலகை இல்லை, மறைப்பு இல்லை. ஐந்து லீற்றர்க் கானை வெட்டி மேலே கவிழ்த்து, இரண்டு பக்கமும் காற்றுப் போக வாய் விட்டிருக்கிறான். மூன்று மாதமாகிறது, குப்பியில் இன்னும் துரு தொடவில்லை.